அது என்றால் எது என்று கேட்ட இயந்திரம்

நான் வேலை பார்த்த நிறுவனத்தில் போன மாதம் ஓய்வு பெற்றவர்களை அழைத்து ஒரு கூட்டம் வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எங்களிடம் கேள்வி கேட்கலாம் என்று ஏற்பாடு. ஒரு பெண் எழுந்து, "சார், உங்க காலத்துல சம்பளக் கணக்கு, ஸ்டோர் கணக்கு இதெல்லாம்தான கம்ப்யூட்டர்ல போட்டிருப்பீங்க? நாங்க இப்ப மோனாட்ங்கிற கணித முறையை வச்சு வாக்கியங்களோட அர்த்தத்தையே கட்டுறோம். அப்ப அப்படி ஏதாவது யோசிச்சதுண்டா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் மைக்கை வாங்கி, "உண்டும்மா. ஆனா அதைச் சொல்ல அஞ்சு நிமிஷம் போதாது, எழுதித் தாரேன்" என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கணிதத்தில் பட்டம். அறுபதுகளில் செய்தித்தாள் விளம்பரம் பார்த்து மனுப்போட்டு ஹைதராபாத் வந்தேன். துளை அட்டைகளில் தொடங்கி, டேப், டிஸ்க் என்று இயந்திரம் மாற மாற நானும் மாறினேன். சம்பளம், ஸ்டோர், உதிரிபாகம் என்று இருபது வருஷம் ஓடிப்போயிற்று. போவன்பள்ளியில் வீடு. பிள்ளைகளிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். அந்த இருபது வருஷத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எண்பதுகளின் நடுவில் என்னை டெஸ்ட் ஷெட்டுக்கு மாற்றினார்கள். நாங்கள் செய்தது ராணுவத்துக்கான மின்னணுப் பெட்டிகள். அவை பாலைவனச் சூட்டிலும் பனிமலைக் குளிரிலும் உயரத்துக் காற்றிலும் தாங்குமா என்று சோதித்துத்தான் அனுப்ப வேண்டும். அதற்காக ஷெட்டில் இரண்டு பெரிய இரும்பு அறைகள் இருந்தன. ஆள் உள்ளே போய் நிமிர்ந்து நிற்கலாம். கதவை மூடி உள்ளே குளிரூட்டுவார்கள் அல்லது சூடேற்றுவார்கள். பிறகு பம்பை ஓட்டிக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். காற்று குறையக் குறைய வெளிக்காற்று கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் யானையைக் கட்டி இழுத்தாலும் கதவு வராது.

பம்ப் சத்தம் காதைப் பிளக்கும் என்பதால் கட்டுப்பாட்டு அறையைத் தள்ளி, முற்றம் தாண்டிய கட்டடத்தில் வைத்திருந்தார்கள். ஷெட்டில் நடப்பது அங்கே போனில்தான் வரும். யார் உள்ளே போனார், எந்தப் பெட்டி எந்த அறையில், எது பழுது என்பதையெல்லாம் ரஷீதா பேகம் என்ற ஆபரேட்டர் கேட்டு ஆங்கிலத்தில் டெர்மினலில் அடிப்பார். ஷிப்ட் மாறும்போது வருகிறவருக்கு முந்தையவர் சொன்னதில் பாதி புரியாது. அதனால் அந்தச் செய்திகளை இயந்திரமே படித்துப் புரிந்துகொண்டு, கேட்டால் பதில் சொல்லும்படி ஒரு நிரல் எழுத வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. அந்த வேலை எனக்கு வந்தது.

எளிது என்றுதான் நினைத்தேன். செய்திகளைத் தமிழிலேயே சொல்கிறேன். 'யாதகிரி பெட்டியைக் கொண்டுவந்தார். அதைத் திறந்தார். அது சூடாக இருந்தது.' இதில் 'அது' என்றால் எது? கடைசியாகச் சொன்ன பொருள். ஆகவே கடைசியாக வந்த பெயரை நினைவில் வைத்துக்கொள் என்று ஒரு விதி எழுதினேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது.

பிறகு ஒருநாள், 'இன்று பெட்டி எதுவும் வரவில்லை' என்று ஒரு செய்தி. அடுத்த செய்தி, 'அது கனமானது, தூக்க இரண்டு பேர் வேண்டும்' என்று வேறு எதையோ பற்றி. என் நிரல் இரண்டையும் சேர்த்து, வராத பெட்டியை வந்ததாக எண்ணி, அதற்கு ஒரு கனத்தையும் கொடுத்துவிட்டது. ஸ்டோர் ஆள் ஒருவர் காலை முழுக்க அந்தப் பெட்டியைத் தேடினார். அதற்கு ஒரு ஒட்டுப் போட்டேன். பிறகு 'இருந்தால் மூடவும்' என்று வந்தது. அதற்கொரு ஒட்டு. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் வந்தால்? சொன்ன பொருள் இல்லவே இல்லையென்றால்? ஒவ்வொரு புதுச் சிக்கலுக்கும் 'கொண்டுவந்தார்', 'திறந்தார்', 'மூடினார்' என்று எல்லா வினைச்சொல்லின் விதிகளையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று சாயும். ஒரு வருஷத்தில் அந்த நிரலை என்னாலேயே படிக்க முடியவில்லை. திட்டத்தை மூடிவிடலாம் என்று பேச்சு அடிபட்ட நேரத்தில்தான் டாக்டர் ஜெசிந்தா தேவசகாயம் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார்.

அவருக்கு என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது குறைவு. திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா, தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் குடும்பம். கணிதத்தில் ஆராய்ச்சி முடித்துவிட்டுக் கொஞ்ச காலம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர். அவர் பேசும் தமிழில் தெலுங்கும் தக்கணி உருதுவும் தானாக வந்து கலக்கும். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னைக் குமாரசாமி சார் என்பார். என் கீழ் வேலை பார்த்திருக்க வேண்டிய வயது அவருக்கு. அதை இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

வந்த முதல் நாள் என் நிரலை அச்செடுத்துக் கேட்டார். லைன் பிரிண்டர் தாள் மேஜையிலிருந்து தரை வரை தொங்கியது. "வாசிங்க சார்" என்றார்.

"எதை மேடம்?"

"இதைத்தான். சத்தமா வாசிங்க. நான் கேட்கிறேன்."

அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தப்பு என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அவர் யாரையும் தப்பு என்று சொல்லிக் கேட்டதே இல்லை. "இது எங்கேருந்து வந்துச்சு?" என்றுதான் கேட்பார். ஒரு மணிநேரத்தில் அந்தக் கேள்வியைப் பத்துத் தடவைக்கு மேல் கேட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "முந்தின வாக்கியத்துலேருந்து மேடம்."

"அப்போ சார், இந்த வாக்கியம் தனியா எதுவுமே சொல்லலையே" என்றார். "முந்தினதை வாங்கி, கொஞ்சம் மாத்தி, அடுத்ததுக்குக் கொடுக்குது. அவ்வளவுதான செய்யுது?"

எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. விளங்கியது கம்பெனி பஸ்ஸில்.

காலையில் பஸ் திருமுல்கேரியில் அவரை ஏற்றிக்கொண்டு போவன்பள்ளிக்கு வரும். மார்க்கெட் லாரிகளுக்குள் சிக்கி அரை மணிநேரம் நிற்கும். ஒருநாள் எங்களுக்கு முன் இருக்கையில் கணக்குப் பிரிவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இருவரும் தமிழர்கள்.

"வந்தாங்களா?"

"வந்தாங்க. ஆனா அதைக் கொண்டு வரலை."

"இவரு என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? நக்கோன்னுட்டாரு, வேண்டாம்னுட்டாரு."

"ஐயோ. அப்ப அது?"

"அது அப்படியேதான் இருக்கு."

ஜெசிந்தா மேடம் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "நமக்கு ஒண்ணுமே புரியலை. அவங்களுக்கு எல்லாம் புரியுது. சொற்கள் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் எங்க இருக்கு சார்?"

"அவங்களுக்கு முன்கதை தெரியும்."

"ஹவ், ஆமா. அந்த முன்கதையை யாரும் வாயால சொல்லலை. ஆனா ஒவ்வொரு வாக்கியத்துக்கு அடியிலயும் அது ஓடிக்கிட்டே இருக்கு. நீங்க என்ன பண்ணிருக்கீங்கன்னா, ஒவ்வொரு சொல்லையும் அந்த முன்கதையைச் சுமக்க வச்சிருக்கீங்க. 'திற'ன்னா திறக்குறது மட்டும்தான். அதுக்கு எதுக்கு முன்கதை? சுமக்குறதுக்குன்னு தனியா ஒரு ஆள் போதும்."

பஸ் நகர்ந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தக்காளிக் கூடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வருஷமாக நான் முட்டிக்கொண்டிருந்த சுவரில் ஒரு வாசல் இருந்ததை யாரோ காட்டியது போலிருந்தது.

அந்த வாரமே எழுதத் தொடங்கினோம். லிஸ்ப் என்ற மொழி. ஏற்கெனவே அச்சான பிரிண்டர் தாளின் முதுகில் அவர் பென்சிலால் எழுதுவார். நான் இயந்திரத்தில் ஏற்றுவேன். அவர் செய்தது இரண்டே காரியம். முதலாவது, சாதாரண அர்த்தத்தை எதையும் சேர்க்காமல் அப்படியே ஓர் உறைக்குள் போடுவது. இரண்டாவது, ஓர் உறைக்குள்ளிருந்து அர்த்தத்தை எடுத்து அடுத்த வாக்கியத்துக்குக் கொடுத்து, வருவதை மறுபடி உறைக்குள் வைப்பது. இதற்குச் சேர்ப்பான் என்று பெயர் வைத்தோம். முன்கதையைத் தூக்கிக்கொண்டு போவது சேர்ப்பான் மட்டும்தான். 'திற', 'மூடு', 'பெட்டி', 'கதவு' எல்லாம் அகராதியில் இருப்பது போல் ஒற்றை வரியில் நின்றன. எனது நீண்ட தாள் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது.

"கணிதத்துல இதுக்கு மோனாட்னு பேரு சார். பேருதான் பெருசு" என்றார். நாங்கள் எங்களுக்குள் அதை டப்பா என்றே சொல்லிக்கொண்டோம்.

தினமும் காலையில் வேலை தொடங்குமுன் மூன்று சோதனை போட வேண்டும் என்பது அவர் வைத்த முறை. ஒன்றுமே சேர்க்காத உறையை முன்னால் வைத்தால் அர்த்தம் மாறக்கூடாது. பின்னால் வைத்தாலும் மாறக்கூடாது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று செய்திகள் வருகின்றன. முதல் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டு பிறகு மூன்றாவதைச் சேர்த்தாலும், முதலாவதைத் தனியே வைத்துக்கொண்டு பின்னிரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இணைத்தாலும், முடிவில் கிடைப்பது ஒன்றாகவே இருக்க வேண்டும்.

"இது எதுக்கு மேடம் தினமும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஷிப்ட் எப்ப மாறும்னு செய்திக்குத் தெரியாது சார். நடுவுல எந்த இடத்துல ஆள் மாறினாலும் கதை மாறக்கூடாது. அதுக்குத்தான்."

ஒரு கணித விதி, எங்கள் ஷெட்டில் மத்தியானம் ஆள் மாறும் அந்தக் குழப்பத்துக்கு இவ்வளவு பொருந்தும் என்று நான் நினைத்ததே இல்லை. அதை எழுதி வைத்தவர்கள் எங்கள் ஷெட்டைப் பார்த்தவர்கள் அல்ல. ஆனாலும் அது எங்களுக்காகவே எழுதப்பட்டது போல் இருந்தது.

ஆனால் நான் உண்மையில் வாயடைத்துப் போனது வேறொரு நாளில். இரண்டு அர்த்தம் வரும் வாக்கியங்கள்தான் என் பழைய நிரலைக் கொன்றவை. அவற்றை எப்படிச் சேர்ப்பது என்று மேடத்திடம் கேட்டபோது, மாதக்கணக்கில் வேலை இருக்கும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உறைக்குள்ள ஒரு கதைதான் இருக்கணும்னு யார் சொன்னது? பல கதை இருக்கட்டும்" என்றார். கை கழுவிவிட்டு வந்து சேர்ப்பானை மட்டும் மாற்றி எழுதினார். ஒரு பக்கம்கூட இல்லை. வேறெந்தச் சொல்லையும் தொடவில்லை.

ஏற்றினேன். ஓட்டினேன். நாங்கள் முன்பு கொடுத்த அதே செய்திகளைக் கொடுத்தேன். இயந்திரம், தான் அதுவரை ஒற்றை வரியில் சொல்லிவந்த பதிலை, ஐயமுள்ள இடத்தில் தானாகவே இரண்டாகப் பிரித்துச் சொன்னது. ஐயம் தீர்ந்த இடத்தில் மறுபடி ஒன்றாக்கிக்கொண்டது. 'திற' என்ற சொல்லுக்கு இரண்டு கதைகள் இருப்பது தெரியாது. 'மூடு' என்பதற்கும் தெரியாது. அவை பழையபடி தங்கள் வேலையைச் செய்தன. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். என்ன என்று மேடம் கேட்டார். கோயிலில் திரை விலகும்போது நிற்பது போல் நின்றேன் என்பதுதான் உண்மை.

எங்கள் பொது மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் நேரடியாகப் பேசுகிறவர். "ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லத்தான் இயந்திரம் வாங்கினோம். ரெண்டு பதில் சொல்றதுக்கு ஏற்கெனவே எங்ககிட்ட ஆட்கள் இருக்காங்க" என்றார். நினைவகம் வேறு வீணாகிறது, அதிகம் பொருந்துவது எதுவோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள் என்றார்.

"முடியாது சார்" என்றார் ஜெசிந்தா மேடம். குரல் உயரவே இல்லை. "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றதுக்கு அதுக்கு நான் கத்துக் கொடுக்க மாட்டேன்."

"அப்படியானால் மூன்று மாதம். அதுக்குள்ளே இதனால் என்ன பயன் என்று காட்டுங்கள்" என்று முடித்துவிட்டார் மேலாளர்.

அந்தக் கெடு முடிவதற்குள் வந்தது மழைக்காலம். ராணுவத்திலிருந்து சில அதிகாரிகள் ஒரு பெட்டியின் சோதனையைப் பார்க்க வந்திருந்தார்கள். சோதனைப் பிரிவின் தலைவர் குல்கர்னி கட்டுப்பாட்டு அறையில் இருந்தார். வேகமானவர், வேலையில் கெட்டிக்காரர். அவர்கள் பார்க்க வந்தது முதல் அறைச் சோதனை; இரண்டாம் அறையிலும் அன்று வேறொரு சோதனை இருந்தது. அதற்கு முன் இரண்டு அறைகளிலும் சின்னப் பழுது பார்க்க டெக்னீஷியன்கள் உள்ளே போயிருந்தார்கள். முந்தின சோதனையின் குளிர் அறைகளுக்குள் அப்படியே இருந்தது. மழைக்காலத்து ஈரக்காற்று உள்ளே போனால் சுவரெல்லாம் பனி படிந்துவிடும். அதனால் ஆள் உள்ளே இருக்கும்போதும் கதவைச் சாத்தி வைப்பது வழக்கம். கதவில் இருந்த கண்ணாடியிலும் பனி மூடி உள்ளே ஒன்றும் தெரியாது. கதவு மூடியிருந்தால்தான் பம்ப் ஓடும் என்று ஒரு காப்பு இருந்ததே தவிர, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்க எந்த ஏற்பாடும் அன்று கிடையாது. அதற்கு போன்தான்.

செய்திகள் இந்த வரிசையில் வந்தன. 'நரசிங் ராவ் இரண்டாம் அறைக்குள் சென்றார்.' பிறகு, 'யாதகிரி முதல் அறைக்குள் சென்றார்.' கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போன். ஷெட்டில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் ரஷீதாவுக்குப் பெயர் கேட்கவில்லை. யார், யார் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. தனக்குக் கேட்டதை மட்டும் அவர் அடித்தார். 'ஒருவர் வேலை முடித்து வெளியே வந்தார். அதன் கதவு மூடப்பட்டது. பம்பை ஓட்டலாம்.'

முதல் அறை தயாரா என்று கேட்கச் சொன்னார் குல்கர்னி. ரஷீதா கேட்டார். நானும் மேடமும் பின்னால் நின்றிருந்தோம்.

திரையில் இரண்டு வரிகள் வந்தன. ஒன்றில், யாதகிரி வெளியே, முதல் அறை காலி, நரசிங் ராவ் இரண்டாம் அறைக்குள். மற்றதில், நரசிங் ராவ் வெளியே, இரண்டாம் அறை காலி, யாதகிரி முதல் அறைக்குள். அவற்றின் கீழே, முதல் அறையைப் பற்றிச் சொல்ல இயலாது, ஒருவர் என்றால் யார், அதன் என்றால் எதன் என்று கேட்டிருந்தது.

"சார், மெஷின் குச் பூச்ரா" என்றார் ரஷீதா. ஏதோ கேட்கிறது என்று.

குல்கர்னி திரையை ஒரு பார்வை பார்த்தார். அவர் பேசியது ஆங்கிலத்தில். "முதல் அறைக்குத்தானே அவசரம் என்று சொல்லியிருக்கிறேன். அங்கேதான் முதலில் முடித்திருப்பார்கள். கடைசியாகப் பேச்சு வந்ததும் அந்த அறைதான். இதில் என்ன சந்தேகம்?" என்றார். அவர் கை பம்ப் ஸ்விட்ச்சின் மேல் இருந்தது. அவர் சொன்னதில் தவறு காண முடியாது. நான் எழுதிய பழைய விதியும் அதையேதான் சொல்லியிருக்கும். கடைசியாக வந்த பெயர் யாதகிரி, கடைசியாக வந்த அறை முதல் அறை. ஆகவே முதல் அறை காலி. ஒற்றைப் பதில், உடனே வந்திருக்கும்.

ஜெசிந்தா மேடம் முன்னால் வந்து நின்றார்.

"சார், அதுக்குத் தெரியலை. உங்களுக்கும் தெரியலை. எனக்கும் தெரியலை. ஷெட்டுக்குப் போன் போடுங்க."

ரஷீதா போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. அதிகாரிகளில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"டாக்டர், ஓர் எழுத்துப் பிழைக்காக நான் இவர்களைக் காக்க வைக்க முடியாது" என்றார் குல்கர்னி.

"பிழை இல்லை சார். ரெண்டு கதை இருக்கு. ஒண்ணுல ஆள் உள்ளே இருக்கார். குமாரசாமி சார் போய்ப் பார்த்துட்டு வரட்டும். அதுவரைக்கும் கையை எடுங்க."

குல்கர்னி அவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். அந்த ஒரு செயலுக்காக இன்றும் அவரை மரியாதையோடு நினைக்கிறேன்.

நான் தூறலில் முற்றத்தைக் கடந்து ஓடினேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது நரசிங் ராவை. தொட்டியருகே நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். முதல் அறைக்குப் போய்க் கைப்பிடியைத் திருப்பி இழுத்தேன். கதவு வந்தது. வெள்ளையாகக் குளிர் வெளியே கொட்டியது. உள்ளே முக்காலியில் உட்கார்ந்து, கம்பளிக் கோட்டும் குல்லாவும் போட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு யாதகிரி ஒரு ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தார். டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"ஏமி சார், டீ வச்சிந்தா?"

டீ வந்துவிட்டதா என்று கேட்கிறார். "வச்சிந்தி, ரண்டி" என்றேன். வந்துவிட்டது, வாருங்கள்.

அவர் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். மழை பெய்துகொண்டிருப்பதைப் பார்த்து, பெட்டிகள் நனையாமல் இருக்கின்றனவா என்று கேட்டார். நான் திரும்பி வந்து சொன்னதும் ரஷீதா முகத்தைப் பொத்திக்கொண்டார். குல்கர்னி எழுந்து போய் அதிகாரிகளிடம், சோதனை இன்னும் ஒரு மணிநேரம் கழித்துத் தொடங்கும் என்றார். காரணத்தையும் அவரே சொன்னார், எதையும் மறைக்காமல்.

மறுநாளே உள்ளே போகும் ஒவ்வொருவரும் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையைக் கதவில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வில்லை தொங்கினால் பம்ப் சாவி கிடைக்காது என்று குல்கர்னி ஒரு முறை கொண்டுவந்தார். பொது மேலாளர் எங்கள் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கெடுவைப் பற்றி எதுவும் பேசவில்லை. "நினைவகம் எவ்வளவு வேண்டும்னு எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த அறைகள் மாற்றப்படும் வரை அந்த நிரல் ஓடியது.

பிறகு சில காலம் கழித்து, வெளிநாட்டு நண்பர் ஒருவர் அனுப்பிய ஆய்வுக் கட்டுரை ஒன்றின் நகல் மேடத்துக்கு வந்தது. நாங்கள் டப்பா என்று அழைத்த அதே ஏற்பாட்டை, நிரல்களின் பொருளை விளக்குவதற்காக, யாரோ எங்கோ இருந்துகொண்டு எங்களைவிட ஆழமாகவும் பொதுவாகவும் எழுதியிருந்தார்கள். அந்த மூன்று சோதனைகளும் அதில் இருந்தன. மேடம் ஒரு பக்கம் படித்து முடித்து என்னிடம் தருவார். நான் வாங்கிப் படிப்பேன். எனக்குப் பாதிதான் விளங்கியது.

"நாம முதல்லயே எழுதிப் போட்டிருக்கலாமோ மேடம்? வருத்தமா இருக்கா?" என்றேன்.

"கைக்கு சார்?" என்றார். எதற்கு என்று. அவர் முகம் அன்று மலர்ந்திருந்ததைப் போல் நான் பார்த்ததில்லை. "அவங்களும் நாமளும் பேசிக்கிட்டதே இல்லை. ரெண்டு பேரும் போய் நின்னது ஒரே இடம். அப்போ அந்த இடம் நெசமா இருக்குன்னுதான சார் அர்த்தம்?"

அதற்கடுத்த வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டுப் பாடம் நடத்தப் போய்விட்டார். நான் வயது முடியும் வரை அங்கேயே இருந்தேன். ஆனால் இதையெல்லாம்விட, ஷெட்டில் அந்தச் சம்பவம் நடந்த வாரத்தின் கடைசியில் யாதகிரி எங்கள் அறைக்கு வந்ததைத்தான் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு வேளை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து, "நா குரிஞ்சி எவரு அடிகிந்தி?" என்று கேட்டார். என்னைப் பற்றிக் கேட்டது யார் என்று. மேடம் டெர்மினலைக் காட்டினார். அவர் அதைச் சுற்றிப் போய்ப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு முன்னால் வந்து நின்று, எப்படிக் கேட்டது என்று பார்க்க வேண்டும் என்றார்.

மேடம் அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். அன்றைய செய்திகளை ஒவ்வொன்றாக அடித்தார். முதல் இரண்டு செய்திகளுக்குப் பிறகு திரையில் ஒரே ஒரு வரி. நரசிங் ராவ் இரண்டாம் அறையில், யாதகிரி முதல் அறையில். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித் தன் பெயரைப் படித்துச் சிரித்தார். மூன்றாவது செய்தி போனதும் வரி இரண்டாகப் பிரிந்தது. மேலே உள்ளதில் அவர் வெளியே. கீழே உள்ளதில் அவர் உள்ளே. அவர் சிரிப்பு நின்றது. இரண்டு வரிகளையும் விரலால் தடவிப் படித்தார். பிறகு தெலுங்கில் கேட்டார். "அப்போ சார் வந்து கதவைத் திறக்குற வரைக்கும், என்னை ரெண்டு இடத்துலயும் வச்சிருந்துச்சா? எதையும் விட்டுடலையா?"

"அவுனு" என்றார் மேடம். ஆமாம்.

நான் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்த நிரல்தான். ஆனால் அந்த இரண்டாவது வரி ஓர் ஆளின் உயிர் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இப்ப வெளியே வந்தது யாருன்னு சொல்லணும். நீங்களே சொல்லுங்க" என்று மேடம் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

அவருக்கு அடித்துப் பழக்கமில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஒற்றை விரலால் நரசிங் ராவின் பெயரை அடித்தார். இதுதானா என்று எங்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு, கடைசி விசையை அழுத்தினார். மேல் வரி மறைந்தது. கீழ் வரி மட்டும் நின்றது. அதில் யாதகிரி முதல் அறைக்குள் இருந்தார்.

அவர் அந்த வரியைப் பார்த்தபடியே, ஆஜர் சொல்லுகிறவர் போல, "உன்னானு" என்றார். இருக்கிறேன் என்று.